'மே 35' தெரியுமா? ஒரு நாளையே மறக்கடிக்கப் பார்க்கும் சீனா... மனித மூளை என்ன செய்கிறது?

2022 ஜூன் 3, இரவு. சீனாவில் 'லிப்ஸ்டிக் கிங்' என்று கொண்டாடப்படும் லீ ஜியாச்சி வழக்கம்போல ஆன்லைன் நேரலையில் பொருட்களை விற்றுக்கொண்டிருக்கிறார். கோடிக்கணக்கான ஃபாலோயர்கள் உள்ள ஆள். அடுக்கடுக்கான ஒரு ஐஸ்கிரீம் கேக் மேசைக்கு வருகிறது. பக்கவாட்டில் சக்கரம் மாதிரி வட்ட பிஸ்கட்டுகள். முன்னால் குழல் மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு வேஃபர். பார்த்தால் அச்சு அசல் ராணுவ டாங்கி.

கொஞ்ச நேரத்தில் நேரலை கட்!

தொழில்நுட்பக் கோளாறு என்று சமூக ஊடகத்தில் ஒரு பதிவு போட்டார் லீ. அதோடு சரி. அடுத்த மூன்றரை மாதத்துக்கு ஆள் ஆன்லைன் பக்கமே தலைகாட்டவில்லை.

அவருடைய ரசிகர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். அவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. "ஐஸ்கிரீம்ல என்ன தப்பு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் தேடினார்கள், சிலர் தெரிந்தவர்களிடம் விசாரித்தார்கள். அப்படித்தான் பலருக்கு முதல்முறையாக ஒரு தேதி தெரிய வந்தது: 1989 ஜூன் 4.

இதில் இன்னொரு வேடிக்கை. லீ பிறந்ததே 1992-ல். அந்தக் கேக்கின் அர்த்தம் அவருக்கே தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மறக்கடிக்க எடுத்த நடவடிக்கையே பல பேருக்கு அதை ஞாபகப்படுத்திவிட்டது. அப்படியானால் சீன அரசு தோற்றுவிட்டதா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு நினைவு எப்படி நிலைக்கிறது, எப்படி அழிகிறது, அதற்கும் பேச்சுரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1989-ல் என்னதான் நடந்தது?

சீன கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ஹூ யாவ்பாங். சீர்திருத்தம் பேசியவர், 1987-ல் பதவியிலிருந்து இறக்கப்பட்டவர். 1989 ஏப்ரல் 15 அன்று அவர் இறந்தார். அஞ்சலி செலுத்த பீஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூடினார்கள். அஞ்சலி கோரிக்கையாக மாறியது: ஊழலை ஒழி, பத்திரிகைச் சுதந்திரம் கொடு, எங்களோடு உட்கார்ந்து பேசு. மே 13-ல் உண்ணாவிரதம். அந்த நேரம் பார்த்து சோவியத் தலைவர் கோர்பசேவ் பீஜிங் வந்திருந்ததால் உலக மீடியா முழுக்க அங்கேதான் இருந்தது.

மே 20-ல் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஜூன் 3 இரவு ராணுவம் நகருக்குள் நுழைந்தது, வழிமறித்த மக்கள் மீது சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள்? பொதுமக்களில் சுமார் 200 பேர் என்ற அளவில்தான் அப்போது அரசுத் தரப்பு சொன்னது. மற்ற கணிப்புகள் பல நூறிலிருந்து ஆயிரங்கள் வரை போகின்றன. சுதந்திரமான விசாரணை எதுவும் நடக்காததால் எண்ணிக்கை இன்னும் திறந்த கேள்விதான்.

ஜூன் 5 அன்று சாங்கான் சாலையில், கையில் பைகளோடு ஒரே ஒரு ஆள் டாங்கி வரிசைக்கு முன்னால் போய் நின்றார். 'டாங்க் மேன்' என்று உலகம் அறிந்த அந்தப் படத்தை எடுத்தவர்கள் ஒருவர் அல்ல, பல பேர். அவர்களில் சார்லி கோல் என்ற புகைப்படக்காரர் ஃபிலிம் ரோலை ஹோட்டல் டாய்லெட் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வைத்தார். அறையைச் சோதனை போட்ட அதிகாரிகள் கையில் கிடைத்த மற்ற ஃபிலிம்களை நாசம் செய்தார்கள். தொட்டிக்குள் இருந்தது தப்பியது. இன்னொருவரான ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளினின் ஃபிலிம் தேயிலைப் பாக்கெட்டுக்குள் நாட்டை விட்டு வெளியேறியது. அந்தச் சின்ன ரோல்கள் சிக்கியிருந்தால், நாம் இன்று இதைப் பற்றிப் பேசும் விதமே வேறாக இருந்திருக்கும்.

அது என்ன 'மே 35'?

மே மாதத்துக்கு 31 நாள்தான். அதோடு நான்கு நாளைக் கூட்டுங்கள். ஜூன் 4 வரும்.

சீன இணையத்தில் 'ஜூன் 4' என்று எழுதினால் பதிவு காணாமல் போகும் என்பதால் மக்கள் கண்டுபிடித்த சங்கேதம் இது. 'மே 35' பிரபலமானதும் அதையும் தடை செய்தார்கள். உடனே 'எட்டின் வர்க்கம்' வந்தது. எட்டெட்டு அறுபத்து நான்கு, அதாவது ஆறாம் மாதம் நான்காம் தேதி. பிறகு ரோமன் எண்களில் ஆறையும் நான்கையும் ஒட்டி எழுதுவது. ஜூன் நெருங்கினால் மெழுகுவர்த்தி எமோஜியே சில தளங்களில் மறைந்துவிடும். சீன நாவலாசிரியர் யூ ஹுவா இந்த 'மே 35' மொழியைப் பற்றி 2011-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

ஒரு ஒற்றுமையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீன அரசியலமைப்புச் சட்டத்தில் பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடுதல், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு என்று எழுதியிருக்கும் பிரிவின் எண் என்ன தெரியுமா? 35.

சரி, இந்தச் சங்கேதங்களுக்கும் நினைவாற்றலுக்கும் என்ன தொடர்பு? 1978-ல் சிலாமெக்கா, கிராஃப் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒரு சொல்லை அப்படியே படிப்பவரைவிட, குறிப்பை வைத்துத் தானே அதைக் கண்டுபிடிப்பவர் மனதில் அது நன்றாக நிற்கிறது. பள்ளியில் டீச்சர் விடை எழுதிப் போட்ட கணக்கு மறந்துபோகும், முட்டி மோதி நாமே போட்ட கணக்கு மறக்காது இல்லையா, அதேதான். 'எட்டின் வர்க்கம்' என்று படித்துவிட்டு மனதுக்குள் பெருக்கிப் பார்க்கும் ஓர் இளைஞர், தேதியைத் தானே கண்டுபிடிக்கிறார். தணிக்கை செய்தவர்கள் அவருக்கு ஒரு விடுகதையைக் கொடுத்திருக்கிறார்கள். சங்கேதங்கள் மீது யாரும் தனியாக ஆய்வு செய்து இதைச் சொல்லவில்லை, அந்த ஆய்வை இங்கே பொருத்திப் பார்க்கிறோம். ஆனால் லீயின் ரசிகர்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

தடுத்தால் ஆர்வம் கூடும் என்பதற்கும் ஒரு பெயர் உண்டு. 2003-ல் ஹாலிவுட் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை ஆவணத் திட்டம் ஒன்றில் தன் வீட்டுப் படம் இருப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படத்தை டவுன்லோடு செய்தவர்கள் மொத்தம் ஆறு தடவை. அதிலும் இரண்டு அவருடைய வக்கீல்கள்! வழக்குச் செய்தி வெளியானதும் லட்சக்கணக்கானோர் போய்ப் பார்த்தார்கள். 'ஸ்ட்ரைசாண்ட் விளைவு' என்று பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு நினைவு மூளையில் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

இரண்டு வழி. ஒன்று உணர்ச்சி. பயம், அதிர்ச்சி, துக்கம் வரும்போது உடலில் அட்ரினலின் ஏறுகிறது. மூளையில் பாதாம் பருப்பு அளவுள்ள அமிக்டலா என்ற பகுதி உசுப்பப்பட்டு, 'இது முக்கியம், பத்திரப்படுத்து' என்று நினைவைச் சேமிக்கும் பகுதிகளுக்குத் தகவல் கொடுக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் கஹில், மெக்காஃப் குழுவினர், அட்ரினலின் விளைவைத் தடுக்கும் மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு ஒரு விபத்துக் கதையைச் சொன்னார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குக் கதையின் சாதாரணப் பகுதி மற்றவர்களைப் போலவே ஞாபகம் இருந்தது. மனதை உலுக்கும் பகுதி மட்டும், மாத்திரை எடுக்காதவர்களுக்கு நின்ற அளவுக்கு நிற்கவில்லை.

துப்பாக்கிச் சத்தத்தை நேரில் கேட்ட ஒருவருக்கு அந்த இரவு மறக்காது. டிங் ஸிலின் என்ற பேராசிரியரின் மகனுக்கு அப்போது 17 வயது. அந்த இரவு சுடப்பட்டு இறந்தான். மகனை இழந்த அவரும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'தியானன்மென் தாய்மார்கள்' அமைப்பு. போலீஸ் கண்காணிப்புக்கு நடுவே வீடு வீடாகத் தேடி, இறந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் திரட்டினார்கள். இவர்களை மறக்கடிக்க எந்த அரசாலும் முடியாது.

ஆனால் உணர்ச்சி நேரில் பார்த்த தலைமுறையோடு முடிந்துவிடும். அடுத்த தலைமுறைக்குப் போக இரண்டாவது வழி வேண்டும்: இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது. ஜெர்மானியரான எபிங்கஸ் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 1885-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரே நாளில் நூறு தடவை சொல்வதைவிட, இடைவெளி விட்டுச் சொல்வது நிலைக்கும்.

நம் வீடுகளில் வருஷா வருஷம் திதி கொடுக்கிறோமே, யோசித்துப் பாருங்கள். பார்க்காத கொள்ளுத்தாத்தாவின் பெயரும், அவர் பிடிவாதமும், அவருக்குப் பிடித்த பலகாரமும் பேரப்பிள்ளைகள் காதில் விழுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். அந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் இரண்டே தலைமுறையில் பெயர்கூட மிஞ்சாது.

பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-ல் எழுதிய புத்தகத்தின் மையமே இதுதான். நாம் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, குடும்பம், ஊர், கூட்டம் என்று சேர்ந்துதான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்றார் அவர். 1945-ல் நாஜிகளின் புகென்வால்ட் முகாமில் உயிரிழந்தார்.

அப்போ மறக்கடிக்கவே முடியாதா?

முடியும். முடிந்திருக்கிறது. இதுதான் கசப்பான பகுதி.

பத்திரிகையாளர் லூயிஸா லிம் தன் புத்தகத்துக்காக பீஜிங் பல்கலைக்கழகங்களில் 100 மாணவர்களிடம் டாங்க் மேன் படத்தைக் காட்டினார். சரியாக அடையாளம் சொன்னவர்கள் 15 பேர்! சம்பவம் நடந்த அதே நகரம். போராட்டத்தைத் தொடங்கியவர்கள் படித்த அதே வகைக் கல்லூரிகள்.

எப்படி நடந்தது இது? எல்லோரையும் பிடித்துச் சிறையில் போட்டதாலா? இல்லை. அரசியல் ஆய்வாளர் மார்கரெட் ராபர்ட்ஸ் சீனத் தணிக்கை பற்றி 2018-ல் வெளியிட்ட புத்தகத்தில் மூன்று கருவிகளைச் சொல்கிறார். பயம், தடங்கல், வெள்ளம்.

பயம் எல்லோருக்கும் தேவையில்லை, பேசக்கூடிய சிலருக்குப் போதும். 2016-ல் செங்டு நகரில் சிலர் 'ஜூன் 4, 1989' என்று ஒலிக்கும்படி சிலேடையாகப் பெயரிட்டு ஒரு மதுபாட்டில் லேபிள் தயாரித்தார்கள். நான்கு பேர் கைது செய்யப்பட்டார்கள். தீர்ப்பு வந்ததே 2019-ல்தான்.

தடங்கல் என்பது தகவலை முழுசாக அழிப்பது அல்ல, எட்டாத உயரத்தில் வைப்பது. விபிஎன் போட்டால் கிடைக்கும்தான். ஆனால் அதற்குக் காசு, நேரம், முயற்சி எல்லாம் வேண்டும். பெரும்பாலானோர் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். நாமும்தான், ஒரு பக்கம் லோடாக ஐந்து நொடி எடுத்தால் அடுத்ததுக்குப் போய்விடுகிறோம்.

வெள்ளம்தான் கில்லாடித்தனமானது. கேரி கிங், ஜெனிஃபர் பான், ராபர்ட்ஸ் மூவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அரசுத் தரப்பு ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகளைப் பொதுமக்கள் எழுதியது போலப் போடுகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பதிவுகள் யாரோடும் சண்டை போடுவதில்லை, வாதம் செய்வதில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்புவதோடு சரி.

பேசாமல் விட்டால் மறந்துபோகுமா?

இதில் உளவியல் சொல்லும் ஒரு நுணுக்கம் உண்டு. 2007-ல் வில்லியம் ஹர்ஸ்ட் குழுவினர் செய்த சோதனை. ஒருவர் ஒரு கதையை நினைவுகூர்ந்து சொல்கிறார், சில பகுதிகளை விட்டுவிடுகிறார். கேட்பவருக்கும் அந்தக் கதை முன்பே தெரியும். பிறகு கேட்பவரைச் சோதித்தால், சொன்ன பகுதிகள் பளிச்சென்று இருக்கின்றன, விட்ட பகுதிகள் மங்கிவிட்டன. அதிலும் எது அதிகம் மங்குகிறது? சொல்லப்பட்டதோடு ஒட்டிய, ஆனால் சொல்லாமல் விட்ட விஷயம். சம்பந்தமே இல்லாத விஷயங்கள் அந்த அளவுக்கு மங்குவதில்லை.

இதை அரசியலில் வைத்துப் பாருங்கள். 1980-களைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதைவிட, 1980-களின் தொழிற்சாலைகள், வளர்ச்சி, சீர்திருத்தம் பற்றி ஓயாமல் பேசிவிட்டு ஜூன் மாதத்தை மட்டும் தாண்டிப் போவது இன்னும் நன்றாக மறக்கடிக்கும்.

1990-களில் சீனா செய்ததும் இதற்கு நெருக்கமானதுதான். 'தேசபக்திக் கல்வி' என்ற பெரிய இயக்கம் தொடங்கியது. அபினிப் போர், ஜப்பானியப் படையெடுப்பு, அந்நியர்கள் செய்த அவமானம் என்று பாடப்புத்தகம், மியூசியம், பள்ளிச் சுற்றுலா எல்லாம் நிரம்பின. நான்ஜிங் படுகொலைக்கு 2014 முதல் டிசம்பர் 13 தேசிய நினைவு நாள். அது உண்மையில் நடந்த கொடுமை, நினைக்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் நீடித்த நினைவை உருவாக்கும் வித்தை அந்த அரசுக்கு நன்றாகவே தெரியும் என்பதையும் அது காட்டுகிறது. ஒரு தேதிக்கு சைரன் ஒலிக்கிறது, இன்னொரு தேதிக்கு மெழுகுவர்த்தி எமோஜி மறைகிறது.

வீட்டுக்குள்ளும் மௌனம் உண்டு. அன்று சதுக்கத்தில் நின்றவர்கள் இன்று அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. பலர் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. பிள்ளை வகுப்பில் வாய் தவறிப் பேசிவிட்டால் அதன் எதிர்காலம் என்னாவது என்ற கவலை. பிள்ளை மேல் வைத்த பாசத்துக்கே நினைவுச் சங்கிலியை அறுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டது அந்த ஏற்பாடு.

பூட்டைத் திறந்துவிட்டால் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்களா?

இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை தேடினார்கள் யூயூ சென், டேவிட் யாங் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள். பீஜிங்கில் சுமார் 1,800 கல்லூரி மாணவர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தணிக்கையைத் தாண்டும் வசதியை இலவசமாகவே கொடுத்தார்கள். 2019-ல் வெளியான முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. ஏறக்குறைய பாதிப் பேர் அந்த வசதியைப் பயன்படுத்தவே இல்லை! பயன்படுத்தியவர்களிலும் வெளிநாட்டுச் செய்தித் தளங்களைத் தேடிப் போனவர்கள் சொற்பம்.

அடுத்து ஒரு சின்ன வேலை செய்தார்கள். சிலருக்கு மட்டும், சில மாதங்களுக்கு, வெளிநாட்டுச் செய்தியைப் படித்தால் பதில் சொல்லக்கூடிய பரிசுப் போட்டிகள் வைத்தார்கள். நிலைமை மாறியது. பரிசு நின்ற பிறகும் அவர்கள் படிப்பதை நிறுத்தவில்லை. இலவச வசதி முடிந்ததும் சொந்தக் காசு போட்டுத் தொடர்ந்தவர்களும் உண்டு. தடைசெய்யப்பட்ட நடப்புச் செய்திகள் பற்றிய அவர்கள் அறிவு கூடியது, அரசு மீதான பார்வையும் மாறியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தணிக்கை பதிலை மட்டும் பறிப்பதில்லை, கேட்கும் ஆசையையே பறித்துவிடுகிறது. இல்லாத ஒன்றை யாரும் தேட மாட்டார்கள். லீயின் ஐஸ்கிரீம் அந்த ஆசையை ஒரே இரவில் கிளப்பிவிட்டது, அதனால்தான் அது அத்தனை பெரிய விஷயமானது.

ஹாங்காங்கில் அணைந்த மெழுகுவர்த்திகள்

சீன மண்ணில் இந்த நாளை வெளிப்படையாகப் பெரிய அளவில் நினைவுகூர முடிந்த இடம் நீண்ட காலம் ஹாங்காங்கும் மக்காவும்தான். 1990 முதல் 2019 வரை ஒவ்வொரு ஜூன் 4 இரவும் ஹாங்காங் விக்டோரியா பூங்காவில் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்தார்கள். 2019-ல் 1,80,000 பேருக்கு மேல் வந்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள், போலீஸ் கணக்கு 37,000. எபிங்கஸ் சொன்ன இடைவெளி விட்ட மறுநினைவு, ஒரு நகரமே சேர்ந்து செய்தது.

2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஜூன் 30-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2021-ல் கூட்டத்தை நடத்தி வந்த அமைப்பு கலைந்தது, ஜூன் 4 அருங்காட்சியகம் மூடப்பட்டது. டிசம்பரில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நின்ற 'அவமானத்தின் தூண்' சிற்பம் இரவோடு இரவாக அகற்றப்பட்டது.

2023-லிருந்து அதே பூங்காவில், அதே ஜூன் 4-ல், என்ன நடக்கிறது தெரியுமா? சீன ஆதரவு அமைப்புகள் நடத்தும் உணவுத் திருவிழா! ஊர் ஊராகப் பலகாரக் கடைகள், ஆட்டம், பாட்டு. இடத்தைப் பூட்டி வைத்தால் 'ஏன் பூட்டினார்கள்?' என்ற கேள்வி வரும். அந்த இடத்தில் பலகாரக் கடை போட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்து ஒரு பிள்ளைக்கு விக்டோரியா பூங்கா என்றால் மீன் உருண்டைதான் ஞாபகம் வரும். ராபர்ட்ஸ் சொன்ன 'வெள்ளம்' இங்கே இணையத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது.

2024 ஜூன் 3 அன்று, அந்தப் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கலைஞர் காற்றில் விரலால் எண்களை எழுதுவது போல் சைகை செய்தார். போலீஸார் அவரை அழைத்துப் போனார்கள்.

நினைவில் இருப்பதெல்லாம் உண்மையா?

இதுவரை படித்தால் 'அரசு மறைக்கிறது, மக்கள் உண்மையை நினைவில் வைத்திருக்கிறார்கள்' என்று தோன்றும். அவ்வளவு நேர்கோடு இல்லை.

1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம், 'செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னது?' என்று எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார். கால்வாசிப் பேர் சொன்னது எல்லாமே தப்பு. முழுசாகச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். பழைய கையெழுத்தைக் காட்டியும், இப்போது சொல்வதுதான் சரி என்று நம்பியவர்கள் உண்டு. உறுதியாக ஞாபகம் இருப்பது வேறு, சரியாக ஞாபகம் இருப்பது வேறு.

தியானன்மென்னுக்கும் இது பொருந்தும். டாங்க் மேன் மீது டாங்கி ஏறிவிட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீடியோவில் அப்படி இல்லை. சிலர் ஓடிவந்து அவரை அழைத்துப் போகிறார்கள். அவர் யார், பிறகு என்ன ஆனார் என்பது தெரியாது. அந்த டாங்கிகள் சதுக்கத்துக்குள் போகவில்லை, சதுக்கத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தன.

இன்னொன்று இதைவிட முக்கியம். 'சதுக்கத்திலேயே படுகொலை' என்றுதான் பலர் சொல்கிறோம். பெரும்பாலான சாவுகள் நடந்தது சதுக்கத்துக்கு வரும் சாலைகளில், குறிப்பாக மேற்கே முஷிடி பகுதியில். சதுக்கத்தில் கடைசியாக இருந்த மாணவர்கள், பாடகர் ஹோ டெஜியான் உள்ளிட்டோர் ராணுவத்தோடு பேசிய பிறகு விடியற்காலையில் வெளியேறினார்கள். அன்று பிபிசிக்காகச் செய்தி சேகரித்த ஜேம்ஸ் மைல்ஸ் 2009-ல், தாங்கள் இடத்தைத் தவறாகச் சொல்லிவிட்டதாக எழுதினார். சதுக்கத்தில் படுகொலை நடக்கவில்லை, பீஜிங்கில் நடந்தது என்பது அவர் திருத்தம்.

இந்தத் திருத்தத்தால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். பேச முடிகிற இடத்தில் தவறு திருத்தப்படுகிறது. பேச முடியாத இடத்தில் என்ன ஆகிறது? 'சதுக்கத்தில் யாரும் சாகவில்லை' என்ற அரை உண்மையை மட்டும் அரசு ஆதரவாளர்கள் கையில் எடுக்கிறார்கள். 'அப்படியானால் சாலைகளில்?' என்று திருப்பிக் கேட்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி அமெரிக்கர்களின் நினைவைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்விலும் இது தெரிந்தது. தாங்கள் எங்கே இருந்தோம் என்ற சொந்த நினைவில் நுழைந்த தவறு அப்படியே நிலைத்தது. திருத்த ஆள் இல்லை. ஆனால் தாக்குதல் நேரத்தில் அதிபர் புஷ் எங்கே இருந்தார் என்பது போன்ற பொது விஷயத்தில் மக்கள் நினைவு பிற்பாடு சரியாகியது. மைக்கேல் மூர் எடுத்த ஆவணப்படம், புஷ் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததைக் காட்டியது அதற்கு ஒரு காரணம். அதிபரைக் கிண்டல் செய்யும் படம்தான். தடை செய்யப்படவில்லை, நாட்டின் ஞாபகம் ஒரு இடத்தில் நேரானது.

படத்தையே மாற்றிவிட்டால்? 2007-ல் இத்தாலியில் சாக்கி, அன்யோலி, லாஃப்டஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், டாங்க் மேன் படத்தின் இருபுறமும் ஒரு கூட்டத்தை ஒட்டவைத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள், அன்று அந்த இடத்தில் நிறையப் பேர் இருந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். இன்னொரு படம், 2003-ல் ரோமில் அமைதியாக நடந்த போர் எதிர்ப்புப் பேரணி. அதில் முகமூடி ஆசாமியும் போலீஸும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது வன்முறைப் பேரணியாகவே பதிந்தது. இனிமேல் இந்த மாதிரிப் பேரணிகளுக்குப் போகும் ஆர்வமும் அவர்களிடம் குறைந்தது. நேற்றைய நினைவில் கைவைத்தால் நாளைய கால்கள் நின்றுவிடுகின்றன. அன்று இதற்கு ஃபோட்டோ எடிட்டிங் தெரிந்த ஆள் வேண்டும். இன்று ஏஐ ஆப் இருந்தால் போதும்.

இது சீனாவுக்குள் மட்டும் நடப்பதா?

இல்லை. 2020 ஜூனில், அமெரிக்காவில் இருந்துகொண்டு ஜூன் 4 நினைவுக் கூட்டம் நடத்தியவர்களின் கணக்கையும் ஜூம் நிறுவனம் முடக்கியது. சீன அரசு கேட்டதால் செய்ததாக ஒப்புக்கொண்டு பிறகு மீட்டுக் கொடுத்தது. 2021 ஜூன் 4 அன்று மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் 'டாங்க் மேன்' படத்தைத் தேடினால் அமெரிக்காவில்கூட ஒன்றும் வரவில்லை. மனிதத் தவறு என்று விளக்கம் சொன்னது நிறுவனம். 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் ஏஐ உலகம் முழுக்கப் பரவியபோது, தியானன்மென் பற்றிக் கேட்டவர்களிடம் அது வேறு ஏதாவது பேசலாமே என்று நழுவியது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் போனிலேயேகூட அதை நீங்கள் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

தடுப்பவருக்கு யார் சொல்லித் தருவது?

2007 ஜூன் 4. சீனாவின் செங்டு நகர மாலைப் பத்திரிகை ஒன்றில் வரி விளம்பரப் பகுதியில் ஒரே ஒரு வரி. 64-ல் பலியானவர்களின் மனவலிமை மிக்க தாய்மார்களுக்கு வணக்கம் செலுத்தும் விளம்பரம். எப்படி வெளியானது என்று தேடியபோது வெளிவந்த கதை இது: விளம்பரம் வாங்கிய இளம் ஊழியருக்கு '64' என்றால் என்னவென்றே தெரியவில்லை. சந்தேகம் வந்து, கொடுத்தவருக்கே போன் போட்டுக் கேட்டார். அது ஒரு சுரங்க விபத்து நடந்த நாள் என்று பதில் வந்தது. அவரும் நம்பி அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஆசிரியர் குழுவில் இருந்தவர்களுக்கு வேலை போனது.

இன்று இணையப் பதிவுகளை வடிகட்டுவதற்கென்றே அங்கே தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. அதே செங்டுவில் இயங்கும் அப்படி ஒரு நிறுவனத்தைப் பற்றி 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வேலைக்குச் சேர்பவர்கள் இருபதுகளில் இருக்கும் பட்டதாரிகள். பலருக்கு 1989 பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவரால் எதைத் தடுக்க முடியும்? அதனால் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. தியானன்மென்னில் என்ன நடந்தது, அதை எப்படியெல்லாம் சங்கேதமாக எழுதுவார்கள் என்று பாடம் நடத்தி, பிறகு தேர்வும் வைக்கிறார்கள்.